பள்ளத்துச் சேறு

குந்துங்க தம்பி, நிழலாத்தான் இருக்குது. அவ்ளோ நீளக் கேமராவை எங்க நீட்டுறீங்க? அந்த நாணலுக்குள்ள கொக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாமக்கோழி ரெண்டு குடியிருந்திச்சி, இந்தப் பொம்பளைங்க மம்முட்டியோட எறங்கினதும் அதுங்களும் கழுவெளி ஏரிப் பக்கம் போயிடுச்சி. படம் புடிக்கணும்னா அவங்களைப் புடிங்க. மொகம் நல்லா தெரியற மாதிரி புடிங்க. பின்னாடி சாட்சிக்கு ஆவும்.

திருட்டு தம்பி. பட்டப்பகல்ல திருட்டு. இந்த நிலம் என்னுது, என் பேரு தனகோட்டி, யாரை வேணா கேளுங்க. நான் இங்க வரப்பு மேல குந்திக்கினு இருக்கறன், என் கண்ணெதிர்ல கூடையில அள்ளிக்கினு போறா. யாரா? நடுவுல தலையில துண்டைக் கட்டிக்கினு நிக்கிறாளே, அவதான். அஞ்சலாட்சி. என் கூடப் பொறந்த தங்கச்சி. ஒரு வார்த்தை என்னைக் கேட்டாளா? கேக்க மாட்டா. அவ என்கூடப் பேசி மூணு வருஷம் ஆவுது.

இந்த நிலத்துல ரெண்டு வருஷமா ஒரு மணி நெல்லு வெளையல. பாக்கறீங்கல்ல, ஆளு ஒசரத்துக்கு நாணல். ஆடிக்குள்ள இந்த வேரெல்லாம் வெளிய வந்தாத்தான் ஏர் ஓட்ட முடியும். இல்லன்னா இந்த வருஷமும் போச்சி, அப்புறம் இது கழனி இல்ல, காடு. எனக்கும் எங்க வீட்டுக்காரிக்கும் சோறு இது ஒண்ணுலதான். அப்ப அவங்க வேரைத் தோண்டறது உங்களுக்கு உதவிதானேன்னு கேக்கறீங்க. நீங்க டவுன்காரரு. வெள்ளந்தியா இருக்கறீங்க. உதவி பண்றவ எதுக்குக் கூடை எடுத்தாந்தா? மொதல்லேர்ந்து சொல்றன், கேளுங்க.

எங்கப்பா போனப்ப ரெண்டு துண்டு நிலம் விட்டுட்டுப் போனாரு. இந்த மேடு ஒண்ணு. அதோ, பனைமரத்துக்கு அந்தாண்ட கழுவெளியை ஒட்டிப் பச்சையா தெரியுதே, அந்தப் பள்ளம் ஒண்ணு. பொம்பளைப் புள்ளைக்கும் சமபங்குன்னு சட்டம் சொல்லுது. நான் சட்டத்தை மதிக்கிறவன். டவுன் பஸ்ஸுல ஆளு இல்லாதப்பகூட டிக்கெட் கேட்டு வாங்கறவன். அதனால அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு, ஒனக்குப் பள்ளம், எனக்கு மேடுன்னு சொல்லிட்டன். அளவுல ரெண்டும் ஒண்ணு. ஐப்பசி மழையில பள்ளம் முழுகிப்போவும், மாடு எறங்கினா வெளிய வராது, அதெல்லாம் நிலத்தோட கொணம். நிலத்தோட கொணத்துக்கு நான் என்ன பண்ண முடியும்?

அவளும் வாயைத் தொறக்காம வாங்கிக்கினா. அவ வீட்டுக்காரரு லாரி ஓட்டறவரு, மாசத்துல பாதி நாளு ஆந்திராவுல. இவ எங்க பயிர் வெக்கப்போறா, ஒரு வருஷம் தரிசா போட்டுட்டு, நீயே பார்த்துக்கண்ணேன்னு வந்து நிப்பான்னு இருந்தன். தங்கச்சி நிலத்தை அண்ணன் பார்த்துக்கறது ஒலகத்துல இல்லாததா?

வரல தம்பி. தண்ணி தாங்கற நெல்லு எங்கியோ கேட்டு வாங்கியாந்து நட்டா. அந்த வருஷம் பார்த்து மழை ஏமாத்திடுச்சி. மேட்டுல எனக்குக் கருகிப்போச்சி. பள்ளத்துல ஈரம் நின்னு அவளுக்கு இடுப்பு ஒசரம் வெளஞ்சிது. ஊரே வேடிக்கை பாத்திச்சி. எனக்குப் பொறாமைன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. பொறாமையெல்லாம் எனக்குப் பழக்கம் கெடையாது. தூக்கம்தான் வரல.

அப்பத்தான் அவ வரப்பு பலமில்லாம இருக்கறது என் கண்ணுல பட்டிச்சி. கழுவெளித் தண்ணி வந்து மோதினா கரைஞ்சிடும். கூடப் பொறந்தவன் பார்த்துக்கினு இருக்க முடியுமா? நாணல் நட்டா மண்ணைக் கெட்டியாப் புடிச்சிக்கும். அவ அப்ப மாமியார் ஊருக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தா. திரும்பி வந்து பார்த்து சந்தோஷப்படட்டும்னு, அவகிட்ட சொல்லாம, நானும் முனிரத்தினமும் கழுவெளியில எறங்கினோம். முனிரத்தினம் என் கூட்டாளி. சொன்னதைச் செய்வான், எதுக்குன்னு கேக்க மாட்டான், அந்த மாதிரி ஆளு கெடைக்கறது கஷ்டம்.

நாணல் நடறது எல்லாராலயும் ஆவாது தம்பி. வெதையை நம்பக் கூடாது. வேர்தான் வேணும். மூங்கில் மாதிரி கணு கணுவா வெள்ளையா இருக்கும். மொளை விட்ட கணுவா பார்த்து ஒரு முழம் நறுக்கி, சேத்துல படுக்கவெச்சி, நுனி மட்டும் வெளிய தெரியற மாதிரி மண்ணைத் தள்ளணும். எடுத்ததும் தண்ணி நெறைய கட்டிட்டா மூச்சு முட்டிச் செத்துடும். பச்சை மேல வந்தப்புறம் எவ்ளோ தண்ணி வேணா நிக்கட்டும். நான் வெச்சதுல ஒண்ணுகூடப் பழுதாவல. இந்தக் கழுவெளியைச் சுத்தி எந்த ஊர்ல வேணா கேளுங்க, தனகோட்டி கை வெச்ச நாணல் மாதிரி யாருக்கும் வந்ததில்ல.

வரப்புல மட்டுமா நட்டீங்கன்றீங்க. வரப்புலதான் ஆரம்பிச்சன். வேர் நெறைய மிச்சமாயிடுச்சி. வீணாக்க மனசு வரல. கழனி நடுவுலயும் வெச்சிட்டன்.

அடுத்த வருஷம் அவ நெல்லு நட்டா, நாணல் அதைத் தாண்டி எழும்பிச்சி. புடுங்கிப் பார்த்தா, ஒண்ணு புடுங்கினா நாலு வந்திச்சி. அதுக்கு அடுத்த வருஷம் கழனி முச்சூடும் நாணல்தான். ஒரு நாளு வரப்பு மேல நின்னு பார்த்துக்கினே இருந்தா. நான் போய், போனாப் போவுது, மனசு ஒடையாத, இந்தக் காட்டை நானே வெலைக்கு எடுத்துக்கறன்னு சொன்னன். எவன் சொல்வான் இந்தக் காலத்துல? அவ திரும்பி என்னைப் பார்த்து, "இது எப்படிண்ணே இங்க வந்திச்சி?"ன்னா. நான் காத்துல வந்திருக்கும்னன்.

"காத்து கயிறு கட்டியா நட்டிச்சி?"

நான் எதைச் செஞ்சாலும் வரிசையாத்தான் செய்வன் தம்பி. அது எங்கப்பா பழக்கிவிட்டது. கயிறு புடிச்சி நேரா நட்டிருந்தன். ஓரத்துல அந்த வரிசை அப்படியே நின்னுக்கினு இருந்திச்சி. வேலையை ஒழுங்கா செய்யறதுகூட இந்தக் காலத்துல குத்தமாப் போவுது. அன்னியோட பேச்சை நிறுத்தினவதான்.

வேற பொம்பளையா இருந்தா குந்தி அழுவா, நிலத்தை வித்துட்டுப் போவா. இவ அழுத்தக்காரி. மாசி மாசம் எலையெல்லாம் காஞ்சி நாணல் மஞ்சளா நின்னப்ப, நாலு பொம்பளைங்களைச் சேத்துக்கினு அருவாளோட எறங்கிட்டா. ஒரு சாண் கட்டை விட்டு அறுக்கறது, வெயில்ல காயவெக்கறது, எலையை உருவறது, கயித்துல கோத்துத் தட்டி பின்னறது. கடற்கரை ரோட்டுல ரிசார்ட்டு ரிசார்ட்டா கட்டி வெச்சிருக்கானுங்களே, அங்கேர்ந்து ஒருத்தன் வண்டி எடுத்துக்கினு வந்துட்டான். காசு இருக்கறவன் ஏசி ரூமைப் போட்டுட்டு வெளிய நாணத் தட்டி நிழல்ல குந்தணுமாம். வாரா வாரம் வண்டி. அஞ்சலாட்சி தட்டின்னு பேரு வேற. எங்க வீட்டுக்காரியே ஒண்ணு வாங்கியாந்து சன்னல்ல மாட்டினா. நான் நட்ட நாணலு, என் சன்னலுக்கே வெலைக்கு வருது. எப்படி இருக்கும் எனக்கு?

பொறுமைக்கும் அளவு இருக்குதுல்ல. ஊரைக் கூட்டிட்டன். மாரியம்மன் கோயில் வாசல்ல எல்லாரும் குந்தினாங்க. பெரியதனக்காரரு கோதண்டம், எங்க ஊர்ல அவரு வெச்சதுதான் தீர்ப்பு, நடுவுல குந்தினாரு. நான் எழுந்து நின்னு சொன்னன். அந்த நாணலை நட்டவன் நான். வேரு தூக்கியாந்தவன் நான். கணு பார்த்து நறுக்கினவன் நான். பாடுபட்டது நானு, தட்டி பின்னி விக்கறது அவளான்னு கேட்டன். சாட்சி கேட்டாங்க. முனிரத்தினத்தை எழுப்பி நிறுத்தினன். அவன் எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சிட்டான். எந்தக் கெழமை, யாரு ஊர்ல இல்ல, வரப்புல எத்தினி, நடுக் கழனியில எத்தினின்னு ஒண்ணு விடல. அந்த மாதிரி உண்மையான சாட்சி கோர்ட்டுல கூட கெடைக்காது.

கோதண்டம் வெத்தலையைத் துப்பிட்டு வந்து குந்தி, அவ நிலத்துல அவளைக் கேக்காம நட்டது நீதானான்னு மறுக்கா கேட்டாரு. நான்தான்னன். நெல்லுக்கு நடுவுல நட்டதும் நீதானான்னாரு. சந்தேகமே வேணாம், நான்தான்னன். அஞ்சலாட்சி பொம்பளைங்க பக்கம் தலையைக் குனிஞ்சிக்கினு குந்தியிருந்தா. மறுப்பு சொல்ல அவளுக்கு வாய் ஏது?

தீர்ப்பு என் பக்கம்தான் தம்பி. "நட்டவன் நீதான்னு நீயே சொல்லிட்ட, சாட்சியும் கொண்டாந்துட்ட. அப்ப அது ஒம் பொருளுதான்"னாரு கோதண்டம். "தண்டோட, வேரோட, ஒண்ணு பாக்கி இல்லாம எடுத்துக்கினு போயிடு. ஒருத்தர் பொருளு இன்னொருத்தர் நிலத்துல கெடக்கக் கூடாது. இதான் ஊர் முடிவு."

ஊரே சிரிச்சிது. நான் ஜெயிச்சதுல எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம்.

நான் ஏமாறுவனா? தண்டை மட்டும் அறுத்துட்டு வந்தா, வேரு மறுபடி தழைஞ்சி திரும்பத் தட்டி பின்ன ஆரம்பிச்சிடுவா. ஆள் வெச்சி வேரோட பேத்தன். ஒரு துண்டு விடல. சேறு அப்பிக் கெடந்ததை அப்படியே மாட்டு வண்டியில ஏத்தி, வண்டி வண்டியா இந்த மேட்டுல கொண்டாந்து குமிச்சன். காய்ஞ்சதும் அடுப்புக்கு ஆவும்னு கணக்கு. கடைசி வண்டி வரப்ப அது மேல ஏறி நின்னுக்கினு ஊருக்குள்ள வந்தன். அவ வாசல்ல நின்னு பார்த்துக்கினு இருந்தா.

காயறதுக்குள்ள மழை வந்துடுச்சி.

என்ன சிரிக்கிறீங்க? சிரிங்க. முனிரத்தினமும் இப்படித்தான் சிரிச்சான், அவன்கூட நான் இப்பப் பேசறதில்ல. ஒவ்வொரு குமியலும் பச்சை விட்டு, குமியல்லேர்ந்து வேரு மண்ணுக்குள்ள எறங்கி, ரெண்டே மழையில என் கழனி போச்சி. அங்க பள்ளத்துல நான் விட்ட துண்டு துக்கடா கொஞ்சம் தழைஞ்சிருக்கும்போல. அதை அவ அடியோட அறுத்துட்டு மேல தண்ணியைக் கட்டிட்டா, மூச்சு முட்டிச் செத்துப்போச்சி. அவளுக்குத் தண்ணிக்கு என்ன பஞ்சம்? நான்தான் பள்ளத்தைத் தூக்கிக் குடுத்திருக்கறனே. என் மேட்டுல தண்ணி எங்க நிக்கும்? தோண்டித்தான் எடுக்கணும். எடுத்தன், வந்திச்சி, எடுத்தன், வந்திச்சி. அவ நெல்லு நட்டு அறுத்து மறுபடி நட்டுட்டா. அந்தப் பச்சைதான் நீங்க பாக்கறது.

நாணலையாவது விக்கலாம்னு ரிசார்ட்டுக்காரனுக்கு ஆள் அனுப்பினன். தட்டியா இருந்தாத்தான் வேணும்னுட்டான். சரின்னு நானே பின்னிப் பார்த்தன். எங்க வீட்டுக்காரி பார்த்துட்டு, இது என்ன, கோழி கவுக்கற கூடையான்னு கேட்டா. கட்டு கட்டா வெச்சதைக் கரையான் தின்னிச்சி.

அவ பேசாததைப் பத்தி நான் ஒண்ணும் கவலைப்படலன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றன். உங்களுக்கென்ன, நீங்க சாயங்காலம் ஊருக்குப் போயிடுவீங்க, உங்ககிட்ட சொல்லலாம். எனக்குப் பத்து வயசுல அவ பொறந்தா. எங்கம்மா நடவுக்குப் போனா இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவன் நானு. கல்யாணமாயிப் போறப்ப வேன்லேர்ந்து எறங்கி ஓடியாந்து என் கையைப் புடிச்சிக்கினு அழுதவ. இப்பக் கோயில்ல எதிர்ல வந்தா தூணைப் பார்த்துட்டுப் போற மாதிரி போறா. அது வலிக்கிது தம்பி. இல்லன்னா பொய்யி. ஆனா தப்பு அவ மேலதான், அதையும் சொல்லிட்டன்.

இந்த வருஷம் எப்படியும் தோண்டி முடிச்சிடணும்னு நானே எறங்கினன். ஆள் வெக்க வழியில்ல. பத்து நாளைக்கு முன்ன, நான் அறுத்த நாணக் கட்டையிலயே காலை வெச்சிட்டன். ஈட்டி மாதிரி இருக்கும் அது. உள்ளங்கால்ல ஏறி ஒடைஞ்சிடுச்சி. ஆஸ்பத்திரியில கிழிச்சி எடுத்துக் கட்டு போட்டு, ஒரு மாசம் சேத்துல காலை வெச்சா காலே போயிடும்னு அனுப்பிட்டாங்க. ஒரு மாசம்னா ஆடி வந்துடும். மறுநாளு எங்க வீட்டுக்காரி காலையில எழுந்து எங்கியோ போயிட்டு வந்தா. எங்கன்னு கேட்டன், ரேஷன் கடைக்குன்னா. ஞாயித்துக்கெழமையில ரேஷன் கடை.

முந்தாநாளு பார்த்தா இந்தப் படை வந்து எறங்குது. அஞ்சலாட்சி, அவகூடத் தட்டி பின்றவங்க நாலு பேரு. ஓரத்துல பச்சை ரவிக்கை தெரியுதுல்ல, அது எங்க வீட்டுக்காரி. ஆமா, அவளும்தான். நான் நொண்டிக்கினே வந்து கத்தினன். எவடி என் நிலத்துல எறங்கறது, என் நாணலைத் தொடாதீங்கன்னன். அஞ்சலாட்சி என்னைப் பார்க்கல. பனைமரத்தைப் பார்த்து பதில் சொல்றா.

"நாணலு அவருதுதான், ஊரு சொல்லியாச்சி. வேரோட ஒட்டிக்கினு வந்த சேறு என் பள்ளத்துது. அதை எடுத்துக்கினு போக வந்திருக்கறன். ஒருத்தர் பொருளு இன்னொருத்தர் நிலத்துல கெடக்கக் கூடாது."

கேட்டீங்களா ஞாயத்தை? சேறாம். ரெண்டு வருஷம் கழிச்சி சேறு கேக்கறா. கோதண்டத்துக்கு ஆள் விட்டன். வந்தாரு, கேட்டாரு, தாடையைச் சொறிஞ்சாரு. சேறு அவளுதுதான், வேரைத் தோண்டாம சேத்தை எப்படி எடுப்பான்னு என்னையே கேட்டுட்டுப் போயிட்டாரு. போறப்ப தோள் குலுங்கிச்சி. இருமல்போல.

அன்னிலேர்ந்து நடக்குது கொள்ளை. ஆழமா மம்முட்டி போட்டு வேரை முழுசா எடுக்கறா. கணு ஒண்ணுகூட உள்ள விடாம தேடறா. உதறி, இத்துனூண்டு மண்ணைக் கூடையில போட்டுக்கினு, வேரைக் கொண்டுபோய் ரோட்டோரம் கருங்கல் ஜல்லி மேல பரப்பறா. அங்கதான் மொளைக்காதாம். தண்டையெல்லாம் கட்டு கட்டி என் வீட்டு வாசல்ல அடுக்கிட்டா, அவரு பொருளு நமக்கெதுக்குன்னு. எங்க வீட்டுக்காரி அதை எடுத்து வெச்சிக்கினு தட்டி பின்னப் பழகறா. பாதிக் கழனி வெறும் மண்ணாத் தெரியுது பாருங்க. மூணு நாள்ல அவ எடுத்த சேறு கால் கூடை இருக்காது. ஆனா கால் கூடைன்னாலும் திருட்டு திருட்டுதானே?

இருங்க, வரா. தண்ணிக் குடத்துக்கு வரா. நீங்க பேசாதீங்க, இல்ல, பேசுங்க. நான் சொல்றதை நீங்க கேளுங்க. இன்னும் எவ்ளோ சேறு பாக்கி இருக்குதுன்னு கேளுங்க. கேட்டீங்கல்ல? இந்த மாதிரிதான் பேசறது நாங்க, யாராவது நடுவுல நிக்கணும். என்ன சொல்றா? கேட்டிச்சி, எனக்குக் காது நல்லாத்தான் இருக்குது.

"தம்பி, பக்கத்துல குந்திக்கினு இருக்கறவருகிட்ட சொல்லுங்க. ஆடிக்கு முன்ன முடிஞ்சிடும். முடிஞ்சதும் ஏர் ஓட்டச் சொல்லுங்க. ஓட்டறப்ப ஏதாவது கணு மேல வந்திச்சின்னா, அதுலயும் என் சேறு இருக்கும், கூப்பிட்டு அனுப்பச் சொல்லுங்க."

பார்த்தீங்களா அதிகாரத்தை? சொல்லுங்க தம்பி, அவகிட்ட, நான் ஒண்ணும் கூப்பிட மாட்டன்னு சொல்லுங்க. ஏன் அங்கியே நிக்கிறா? குடத்தை எடுத்துக்கினு போக வேண்டியதுதானே. எதைப் பார்க்கறா? என் கால்ல போட்ட கட்டையா? கட்டு காலையிலதான் சேறாச்சி. இவளைத் தடுக்கலாம்னு ஓரத்துல ரெண்டு அடி எறங்கினன், அதான்.

"கால நீட்டு."

யாரை? உங்களையா? நீங்க எதுக்கு உங்க காலைப் பார்க்கறீங்க? என்னைத்தான் சொல்றா தம்பி. என்னைப் பார்த்துத்தான். மூணு வருஷம் கழிச்சி வாயைத் தொறக்கறவ, அண்ணேன்னு ஆரம்பிக்கக் கூடாதா? எப்படி இருக்கறன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? கால நீட்டுன்றா, மாட்டுக்குச் சொல்ற மாதிரி.

நீட்டிட்டன். என்ன பண்றது, கையில குடத்தை வெச்சிக்கினு நிக்கிறா.

மெதுவா. கட்டை அவுக்கறா. தண்ணி ஊத்தறா. ஆஸ்பத்திரி நர்ஸ்கூட இவ்ளோ நேரம் பார்க்கல. வெரலு சந்து விடாம சேத்தை வழிக்கிறா. அது எதுக்கு? தம்பி, பார்க்கறீங்களா, வழிச்ச சேத்தைக் கீழ போடல. கூடையில போட்டுக்கறா. இதுவும் எங்க பள்ளத்துதுதான்றா என் மொகத்தைப் பார்த்து. என் கால்ல இருந்ததைக்கூட விடல தம்பி இவ. நான் காலை இழுக்காம குந்திக்கினு இருக்கறன்.